ஈரம் புகாத இணைப்பு

கேமராவுக்குள் ஈரம் புகுந்துவிட்டால் அதை வெயிலில் வைத்துக் காயவைக்கக் கூடாது. எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தவறு இது. மழை ஓய்ந்து ஒரு பொட்டு வெயில் தெரிந்ததும் கழற்றிக்கொண்டு போய் முற்றத்தில் காயப்போட்ட கொப்பரைத் தேங்காய்க்குப் பக்கத்தில் வைத்துவிடுவார்கள். சிலர் அரிசிப் பானைக்குள் புதைத்து வைப்பார்கள். சூடு ஏறினால் உள்ளே இருக்கிற ஈரம் ஆவியாகும், வெளியே போக வழியில்லாமல் கண்ணாடியின் உட்பக்கத்தில் போய்ப் படியும். பிறகு எந்தத் துணியாலும் துடைக்க முடியாது. காய்ந்த அறையில் திறந்து வைத்து, உள்ளே புதிய ஈர உறிஞ்சிப் பொட்டலம் ஒன்றைப் போட்டு, ரப்பர் வளையத்தை மாற்றி மூட வேண்டும். அவ்வளவுதான்.

இதை ஏன் சொல்கிறேன் என்று நீங்கள் யோசிக்கலாம் சார். என் தொழிலைத் தெரிந்துகொள்ளாமல் நான் செய்ததை மட்டும் எழுதிக்கொண்டால் அது வேறு மாதிரி தெரியும். அதனால் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் ரெஜிமோன். முண்டக்கயம் போகிற வழியில், தேவாலயத்துக்கு எதிரே கடை வைத்திருக்கிறேன். மழைக்காலம் முழுக்க எனக்கு ஏணியும் கையுமாகத்தான் பொழுது போகும். ஒரு கேமராவைத் திறந்தால் உள்ளே என்னவெல்லாம் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. பல்லி முட்டையிட்டு வைத்திருக்கும். எறும்பு சாரை சாரையாகக் குடியேறியிருக்கும். கண்ணாடி ஓரத்தில் பூஞ்சணம் பூத்து, அதிலிருந்து ஈரக் கோணி நாற்றம் அடிக்கும். ஒவ்வொரு வீட்டு வேலை முடிந்ததும் முழங்கைவரை சோப்புப் போட்டுத்தான் தண்ணீர்கூடக் குடிப்பேன். அசிங்கம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

படமே வரவில்லை என்றால் பெரும்பாலும் கோளாறு கேமராவில் இருக்காது. வயரும் வயரும் சேருகிற இடத்தில் இருக்கும். மழைத்தண்ணீர் வயரைப் பிடித்துக்கொண்டே இறங்கி வந்து இணைப்புக்குள் புகுந்துவிடும். முனைகளில் பச்சை பிடிக்கும். மற்ற ஆட்கள் டேப்பைச் சுற்றிவிட்டுப் போய்விடுவார்கள், அடுத்த மழையில் திரும்பக் கூப்பிடட்டும் என்று. நான் அப்படிச் செய்வதில்லை. மழைக்கு முன்னால் ரப்பர் மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டுவார்கள் இல்லையா, பால் வடிகிற இடம் நனையாமலிருக்க? அந்தப் பாவாடையை மரத்தோடு ஒட்டுகிற கறுப்புத் தார்ப்பசையைத்தான் நான் இணைப்புப் பெட்டியின் விளிம்பில் பூசுவேன். உள்ளே நீல மணிகள் உள்ள பொட்டலம் ஒன்றைப் போடுவேன். ஈரம் பட்டால் அந்த மணிகள் இளஞ்சிவப்பாகிவிடும். நான் போட்ட பெட்டியில் அவை சிவந்ததே கிடையாது. ரெஜிமோன் போட்ட இணைப்பில் தண்ணீர் இறங்காது என்று ஊரே சொல்லும். அந்தப் பேர்தான் என்னை இந்த ஸ்டேஷனில் கொண்டுவந்து உட்காரவைத்தது.

கேமரா வைக்கிறவர்கள் யார் என்று பார்த்தால், பிள்ளைகள். அவர்கள் நர்ஸ் வேலைக்குப் போய் அயர்லாந்தில் இருப்பார்கள், ஆஸ்திரேலியாவில் இருப்பார்கள். இங்கே ரப்பர்த் தோட்டத்துக்கு நடுவில் பெரிய வீடு, அதற்குள் ஒரு கிழமோ இரண்டு கிழமோ. திருடனுக்குப் பயந்து வைப்பதாகத்தான் ஆரம்பிப்பார்கள். திருடன் வருகிற வழி முன்வாசலும் பின்கதவும். இவர்கள் கேட்பதோ சமையலறையிலும் கட்டிலுக்கு எதிரிலும். அங்கே ஆஸ்பத்திரி கேண்டீனில் உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டே, பெற்றவள் மாத்திரை விழுங்குவதைப் பார்ப்பார்கள். கூரையில் இருக்கிற கேமராவிலிருந்து மகளின் குரல் வரும், பாலை மூடவில்லை என்று. கிழவி தலையை நிமிர்த்திக் கூரைக்குப் பதில் சொல்லும். எனக்கு அது சகிக்காது. பெற்ற தாயைத் தொட்டிமீன் போலப் பார்ப்பதில் என்ன பாசம் இருக்கிறது?

மகளும் ஊரும் அம்மச்சி என்று கூப்பிடுகிற ஏலியம்மாவின் வீடும் அப்படிப்பட்டதுதான். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகள் பின்சி, அயர்லாந்தில் நர்ஸ். எனக்கு மூத்தவர், சேச்சி என்றுதான் கூப்பிடுவேன். சமையலுக்குத் திரேசியா சேச்சி காலையில் வந்து மதியம் போய்விடுவார். வாசலில் ஒன்று, சமையலறையில் ஒன்று, நடையில் ஒன்று, படுக்கையறையில் ஒன்று என்று நான்கு கேமரா வைத்தேன். நான்கு வயரும் வந்து சேருகிற இணைப்புப் பெட்டியைக் கூரை விளிம்புக்குக் கீழே, இறவாரத்தில் வைத்தேன். நடையிலும் படுக்கையறையிலும் இருக்கிற இரண்டும் தலையைத் திருப்பக்கூடியவை. பின்சி சேச்சி அங்கிருந்து விரலைத் தேய்த்தால் இங்கே கேமரா கழுத்தைத் திருப்பும்.

எல்லா வீட்டுக்கும் கேமரா ஆப்பின் முதல் கணக்கை என் போனில்தான் திறப்பேன். பிறகு பிள்ளைகளுக்குப் பார்க்க அனுமதி கொடுப்பேன். இதில் மறைக்க ஒன்றுமில்லை, அவர்களே 'நீயே வச்சுக்கோ ரெஜி, எங்களுக்கு இதெல்லாம் தெரியாது' என்பார்கள். கோளாறு என்று கூப்பிட்டால் கடையில் இருந்தபடியே பார்த்துச் சொல்ல வேண்டும் அல்லவா?

அப்படித்தான் பார்க்க ஆரம்பித்தேன். படுக்கையறைக் கேமராவில் பனி படிந்து அதை மாற்றிக் கொடுத்த அன்று, தெளிவாகத் தெரிகிறதா என்று கடைக்கு வந்து பார்த்தேன். அம்மச்சி கட்டிலில் உட்கார்ந்து பல்செட்டைக் கழற்றி, நைட்டியில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அடிக்கடி பார்த்தேன். பலாச்சுளை தின்ற கையைக் கட்டில் காலில் துடைப்பார். காபி குடித்த தம்ளரிலேயே சளியைத் துப்பி வைப்பார். காலில் வலிக்குப் போடுகிற தைலக் குழம்பைத் தேய்த்துக்கொண்டு செத்துப்போன புருஷனின் படத்தோடு சண்டை போடுவார். ஒவ்வொன்றும் அருவருப்பு. மற்ற வீடுகளும் அப்படித்தான், ஆனால் இவர் அளவுக்கு இல்லை. ரசித்துப் பார்த்ததாக யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒருநாளும் முகம் சுளிக்காமல் பார்த்ததில்லை.

ஜூலை மாதத்தில் படம் மறுபடி மங்கலாகிவிட்டது என்று பின்சி சேச்சி போன் செய்தார். போய்ப் பார்த்தால், படுக்கையறைக் கேமராவின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறை, கழுத்தில் ரப்பர் பேண்ட். ரப்பர் மரத்துக்குக் கட்டுகிற மாதிரியே ஒரு பாவாடை. உள்ளே ஈரம் தங்கிக் கண்ணாடி பூத்துப் போயிருந்தது. மழைச் சாரலுக்குக் கட்டியதாகச் சொல்வார் என்று நினைத்தேன். படுக்கையறையில் என்ன சாரல்?

ஏணியில் நின்றுகொண்டிருந்த என்னிடம் அம்மச்சி கேட்டார்.

"எடா ரெஜி, இது தானாத் திரும்புதுடா. பின்சி டியூட்டில இருக்கிற நேரத்துல திரும்புது. அவகிட்ட கேட்டேன், நான் இல்ல அம்மச்சின்னுட்டா."

"மோட்டார்ல ஈரம் போயிருக்கும் அம்மச்சி. ஈரம் போனா அது பாட்டுக்குத் திரும்பும்."

திரேசியா சேச்சி கொண்டுவந்த பால் விடாத கட்டன் சாயாவை அவர் ஊதிக்கொண்டிருந்தார்.

"நான் படுக்கப் போற நேரம் ஈரத்துக்கு எப்படிடா தெரியும்?" என்றார்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "உங்கப்பன் கள்ளு குடிச்சுட்டு வந்தாலும் ஆளோட மொகத்தப் பாத்துப் பேசுவான்" என்றார். கிறிஸ்துமஸுக்குப் பின்சி வந்ததும் எல்லாவற்றையும் கழற்றி எறியச் சொல்லப்போவதாகவும், அதற்கு முன்னால் கோட்டயத்திலிருந்து வேறு ஆளைக் கூட்டிவந்து காட்டப்போவதாகவும் சொன்னார். வேறு ஆள் வந்து என்ன பார்த்துவிடப் போகிறான் என்று நான் கவலைப்படவில்லை. ஆனால் ஊரில் பத்து வீட்டுக்கு நான்தான் பார்க்கிறேன். ஒரு கிழவியின் வாய்க்கு வந்த பேச்சு எல்லா வீட்டுக்குள்ளும் புகுந்தால் நான் கடையை மூடிவிட்டுப் போக வேண்டியதுதான். இதை நான் அப்போது நினைக்கவில்லை. இப்போது நீங்கள் கேட்பதால் சொல்கிறேன்.

மழைக்கு ரெட் அலர்ட் போட்ட நாள் உங்களுக்கே நினைவிருக்கும். அவர் வீட்டுக்குப் போகிற வழியில் ஆஞ்சிலி மரம் ஒன்று குறுக்கே விழுந்து கிடந்தது. திரேசியா சேச்சி மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தார். நான் கடையில் பருப்புவடையும் சாயாவுமாக உட்கார்ந்திருந்தேன். அம்மச்சி கழிவறையிலிருந்து படுக்கைக்கு வருகிற நடையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு தரையில் பட்ட விதத்திலேயே தெரிந்தது, எழுந்திருக்க மாட்டார் என்று. நைட்டி தொடைவரை ஏறியிருந்தது. தரையெல்லாம் நனைந்திருந்தது. மழைத்தண்ணீர் அல்ல.

இன்னும் கொஞ்சநேரத்தில் மகளுக்கு இடைவேளை. முதல் வேலையாகப் போனைத் திறந்து பார்ப்பார். பெற்ற தாயை அந்தக் கோலத்தில் ஒரு மகள் பார்க்கலாமா? பார்க்கக் கூடாது என்று எனக்குப் பட்டது. நான்கு கேமராவிலும் பின்சி சேச்சிக்குக் கொடுத்திருந்த அனுமதியை நிறுத்தினேன். அதற்கு ஒரு விரல் போதும்.

இடைவேளை வந்ததும் சேச்சி கூப்பிட்டார்.

"ரெஜி, எனக்கு ஒண்ணும் தெரியலடா. நாலும் கறுப்பா இருக்கு."

"மழை சேச்சி. எறவாரத்துல இருக்கிற பெட்டில ஈரம் இறங்கிருச்சு. இடி நிக்கட்டும், ஏறிப் பாக்கறேன்."

"அம்மச்சி போனையும் எடுக்கல. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வாடா மோனே. இல்லேன்னா வேற யாரையாவது அனுப்பறேன்."

வேறு யாரும் வேண்டாம் என்றேன். வடையைத் தின்று முடித்து, கையைக் கழுவிவிட்டு, போய்வருகிற அளவுக்கு நேரம் விட்டுத் திரும்பக் கூப்பிட்டேன். பார்த்தேன் என்றேன், அம்மச்சி படுத்திருக்கிறார் என்றேன். இரண்டும் உண்மை. சாப்பிட்டாரா என்று கேட்டதற்குக் கஞ்சி குடித்தார் என்றேன். அது மட்டும்தான் பொய். "நீ இருக்கிறதாலதான்டா நான் இங்க நிம்மதியா தூங்கறேன்" என்றார் சேச்சி.

மரம் விழுந்த வழியில் நடந்து போகலாம் என்பது எனக்குத் தெரியும். மறைக்கவில்லை. ஆனால் போனால் தூக்க வேண்டும். அந்த ஈரத்தில் கையை வைக்க வேண்டும், அவர் கை என் கழுத்தைச் சுற்றும், வாய் என் முகத்துக்குப் பக்கத்தில் வரும். நினைத்தபோதே எனக்கு வடை தொண்டைக்கு வந்துவிட்டது. உங்களில் சிலருக்கு ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வருமே, அது போலத்தான். அதற்காக யாரையும் குற்றம் சொல்வதில்லை.

மறுநாள் சேச்சி மறுபடி கூப்பிட்டபோது பெட்டியைத் திறந்து காயவைத்துவிட்டதாகவும், உள்ளே ஒரு சாமான் கெட்டுவிட்டதாகவும், கோட்டயத்திலிருந்து வர வேண்டும் என்றும் சொன்னேன். அம்மச்சி நன்றாகத் தூங்குகிறார் என்றேன். அந்த நேரத்தில் அது பொய்யில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

அதற்கடுத்த நாள் மரத்தை வெட்டி வழிவிட்டார்கள். திரேசியா சேச்சி போய்க் கதவைத் திறந்தார். பிறகு நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். விழுந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் எழுதியிருப்பதாக நீங்கள் சொன்னீர்கள். டாக்டர்கள் அப்படித்தான் எழுதுவார்கள்.

அடக்கத்தை வெளிநாட்டுச் சொந்தக்காரர்களுக்கு நேரலையில் காட்டியது நான்தான். எங்கள் ஊரில் எல்லா அடக்கத்துக்கும் நான்தான் காட்டுவேன். சவப்பெட்டிக்குள் அம்மச்சியின் முகத்தை நெருக்கமாகக் காட்டினேன், படம் ஆடாமல். நிறையப் பேர் நன்றாக இருந்தது என்று செய்தி போட்டிருந்தார்கள்.

கூட்டம் கலைந்த பிறகு பின்சி சேச்சி திண்டில் உட்கார்ந்திருந்தார். முகம் வீங்கியிருந்தது. எந்தப் பெட்டியில் ஈரம் இறங்கியது என்று கேட்டார். இறவாரத்தின் கீழே காட்டினேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினார். அயர்லாந்தில் இருபது வருஷம் இருந்தவர், இதில் என்ன தெரியும் என்று நானும் நின்றுகொண்டிருந்தேன். அங்கேதான் தப்புக் கணக்குப் போட்டுவிட்டேன். அவர் ரப்பர்த் தோட்டக்காரரின் மகள். பள்ளிக்கூட விடுமுறையில் அப்பாவோடு மரம் மரமாகப் போய்ப் பாவாடை ஒட்டி வளர்ந்தவர். விரலால் விளிம்பைத் தடவினார். மழைக்கு முன்னால் பூசிய தார், தோல் பிடித்து, மேலே தூசி படிந்து, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது.

"இதைத் தெறந்து காயவச்சேன்னு சொன்னியே" என்றார்.

அவர் நகத்தால் தாரை உரித்தார். கை கறுத்தது. மூடியை நெம்பித் திறந்து, உள்ளேயிருந்த பொட்டலத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மணிகள் நல்ல நீலமாக இருந்தன.

"இது நனையவே இல்ல, ரெஜி."

நாற்காலியிலிருந்து இறங்காமலே என்னைப் பார்த்தார். "அப்ப அம்மச்சியப் பாத்தேன்னியே. எங்கேருந்துடா பாத்த?"

வேறு யாராவது டேப் சுற்றிய இணைப்பாக இருந்திருந்தால் அது எப்போதோ நனைந்து தொலைந்திருக்கும். நான் ஒழுங்காக வேலை செய்கிறவன், அதுதான் வினை. பிறகு அவர் உங்களைக் கூப்பிட்டார், நீங்கள் என் போனை வாங்கிக்கொண்டீர்கள்.

போனில் எவ்வளவு நேரம் பார்த்திருக்கிறேன் என்று உங்கள் ஆட்கள் எடுத்துவிட்டார்கள். அதனால் அதையும் சொல்லிவிடுகிறேன்.

விழுந்து கிடந்தபோது அவர் முகம் படத்தின் ஓரத்தில் பாதிதான் தெரிந்தது. கேமராவைக் கொஞ்சம் திருப்பினேன். மோட்டார் சத்தம் கேட்டிருக்க வேண்டும். அவர் நிமிர்ந்து பார்த்தார். "மோளே, பாத்துட்டியா? யாரையாவது அனுப்பு மோளே" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார். மகள் எப்போதும் கூரையிலிருந்து பதில் சொல்வார் அல்லவா, அதற்காகக் காத்திருந்தார். அப்போது கட்டிலின் மேல் அவருடைய போன் அடித்தது. பின்சி சேச்சிக்கென்று வைத்திருந்த பாட்டு. அவர் போன் இருக்கிற பக்கம் பார்த்தார், பிறகு கேமராவைப் பார்த்தார். மகள் போனில் இருக்கிறாள் என்றால் இதில் இருப்பது யார் என்று அவருக்கு விளங்கிவிட்டது.

"ரெஜி, நீதான" என்றார். "பரவால்லடா. யார்கிட்டயும் சொல்லமாட்டேன். பின்சிகிட்டகூடச் சொல்லமாட்டேன். நீ வந்து என்னத் தூக்கி மட்டும் விடு மோனே."

என் மேல் அப்படியொரு பழியைப் போட்டு, அதை மன்னிக்கிற மாதிரியும் பேசியது எனக்குப் பிடிக்கவில்லை. பேசுவதற்கான பொத்தான் கட்டைவிரலுக்குக் கீழேயே இருந்தது. நான் அதை அழுத்தவில்லை. கேமராவைச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். கொஞ்சநேரம் கழித்து, என்ன ஆயிற்றோ என்று திரும்பவும் அந்தப் பக்கம் திருப்பினேன். அப்படிப் பலமுறை செய்தேன். ஒவ்வொரு முறையும் அவர் என் பெயரைச் சொன்னார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு ஜெபமாலை சொன்னார், பாதியில் மறந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். மறுநாள் காலை கடையைத் திறந்து உட்கார்ந்தபோது மூச்சு இருந்தது. எறும்பு வந்திருந்தது. உதட்டோரத்தில். பார்க்கவே முடியாத அசிங்கம் சார் அது. ஆனாலும் பார்த்தேன். போனை அந்தண்டை வைக்கவில்லை, கடைக்கு வந்தவர்களிடம்கூட ஒரு கண்ணை அதில் வைத்துக்கொண்டுதான் பேசினேன். மதியத்துக்கு முன்னால் மார்பு அசைவது நின்றது. நன்றாக நின்றுவிட்டதா என்று பெரிதாக்கியும் பார்த்தேன்.

யாருக்கும் சொல்லாமல் விட்டது, மகளிடம் பொய் சொன்னது, எல்லாம் நான்தான். கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றை மட்டும் நீங்கள் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டும். அம்மச்சி யாருமில்லாமல் தனியாகச் செத்துப்போனார் என்று பின்சி சேச்சி ஊரெல்லாம் சொல்லி அழுகிறார், உங்கள் தாளிலும் அப்படியே இருக்கிறது. அது தவறு சார். நாற்றம் கேமராவில் வராது, அதனால் என்னால் முடிந்தது. பெற்ற மகள் பக்கத்தில் இல்லாதபோது, கடைசி மூச்சுவரை நான் அவர் கூடவே இருந்தேன்.